வெறுங்காற்றில் திறக்கும் வாசல்

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

பிரசங்க மேடைக்குப் பின்னால் நழுவி விழுந்த துணியை எடுக்கக் குனிந்தபோது, தடுமாறாமலிருக்க இடது கையைச் சுவரில் ஊன்றினாள் தெர்சா லட்கின். ஊன்றிய கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே கல்லறைக் கற்களின் மேல் காலையில் படிந்த உறைபனி மதியம் தாண்டியும் கரையாமல் கிடந்தது. உள்ளே அவள் விட்ட மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பீடத்துப் பூச்சாடியில் தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லிய பனி படர்ந்திருந்தது. ஆனால் அந்தச் சுவர் மட்டும், தொழுவத்தில் படுத்திருக்கும் பசுவின் விலாவைத் தொட்டதுபோல இருந்தது.

கையை ஓர் அடி தள்ளி வைத்தாள். சில்லென்று எலும்பு வரை ஏறியது. மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். வெதுவெதுப்பு. லேசான ஈரம்கூட.

எக்கிள்ஃபோர்டு ஊரின் அந்தத் தேவாலயத்துக்கு அவள்தான் வார்டன், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவள். சாவி அவளிடம். மெழுகும் எலிப்புழுக்கையும் நமுத்துப்போன பாட்டுப் புத்தகங்களும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் கலந்த அதன் வாசனை அவளுடைய குளிர்காலக் கோட்டிலேயே ஊறியிருந்தது. சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்பில் புதைத்துக் கட்டிய வட்டக் கோபுரம் நார்மன்காரர்கள் காலத்தது. ஜனங்கள் உட்காரும் நடுக்கூடம், ஆட்டு ரோமம் விற்று ஊர் கொழுத்த காலத்தில் அகலப்படுத்தியது. பீடப்பகுதி நேராக இல்லாமல் சற்றே இடப்பக்கம் கோணியிருக்கும். சிலுவையில் தலை சாய்ந்த மாதிரி என்பார்கள். நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் பெரிய கல் வளைவுக்கு இடப்பக்கத்தில், மூன்று ஆள் உயரத்தில், சுவரில் ஒரு சின்ன வாசல் இருந்தது. வாசலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. வெறுங்காற்று.

ஒரு காலத்தில் வளைவுக்குக் குறுக்கே மரப் பரண் ஒன்று இருந்ததாம். அதன் மேல் பெரிய சிலுவையும் மெழுகுவர்த்திகளும் இருந்தன. பாடுகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். சுவருக்குள்ளேயே சுழன்று ஏறும் படிக்கட்டு அவர்களை அந்த வாசலுக்குக் கொண்டுபோய் விடும். தேவாலயங்களில் சிலுவையும் சிலையும் கூடாது என்ற பையன் ராஜா எட்வர்டின் காலத்தில் பரண் போய்விட்டது. கீழ் வாசலைச் செங்கல் வைத்து மூடிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மேல் வாசலை மூட யாரும் மெனக்கெடவில்லை. அது திறந்த வாயாகவே நானூறு வருஷத்துக்கு மேலாக நின்றது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், காக்கா இருக்கிறது என்று சொல்லி வைப்பாள் தெர்சா.

வெதுவெதுப்பாக இருந்த இடம் அந்தப் பழைய கீழ் வாசல் இருந்த இடம்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். வில்ஃப் பால் லாரி ஓட்டி ஓட்டி இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன். வேலையை விட்ட பிறகு வாய் மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

"சுவர் சுடுதா? ஏம்மா, ரெண்டு வருஷமா உனக்குத்தான் உடம்பு திடீர் திடீர்னு கொதிக்குது. ஜன்னலைத் திறந்துபோட்டு என்னைக் கட்டையா விறைக்க வைக்கிற. பாவம், அந்தச் சுவர் மேல ஏன் பழி போடுற?"

"நான் ஒண்ணும் உளறல, வில்ஃப்."

"யாரு உளறுறன்னு சொன்னா? அந்த சாஸ் பாட்டில இப்படித் தள்ளு."

மறுநாள் மதியம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டேதான் கையுறையைக் கழற்றினான். உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். சிரிப்பு போய்விட்டது. காதை ஒட்டவைத்து வெகுநேரம் நின்றான்.

"என்ன கேக்குது?"

"ஷ்ஷ்."

அவளும் காதை வைத்தாள். முதலில் தன் ரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் வேறொன்று. கனமான துணி கல்லில் உரசும் சத்தம். குறுகலான படியில் தோள் இரண்டு பக்கமும் இடிக்க ஒருவர் ஏறினால் கேட்குமே, அந்த மாதிரி. கீழேயிருந்து மெல்ல மேலே போயிற்று. இறங்கி வரவில்லை. மறுபடி கீழேயிருந்து தொடங்கியது.

வில்ஃப் நிமிர்ந்தான். முகம் தெளிந்துவிட்டது.

"தேனீ! தேன்கூடுதான். குளிர்காலத்துல எல்லாம் ஒண்ணா அண்டிக்கிட்டு சூடு உண்டாக்கும். மேல் வாசல் வழியாப் போய்க் கட்டியிருக்கும். தெர்சா, உள்ள எத்தனை வருஷத்துத் தேன் இருக்குமோ!"

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதை நம்ப வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில், யாரும் தொடாமலே, அந்த இடத்துச் சுண்ணாம்பு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல்கள் தெரிந்தன. பெல்லமி பாதிரியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். மறைமாவட்டத்திலிருந்து அனுமதி வரும் வரை யாரும் தொடக் கூடாது என்றார்.

"அனுமதி வர்றதுக்குள்ள நான் செத்து, நீங்க எனக்குப் பிரசங்கமும் பண்ணி முடிச்சிருப்பீங்க, ஐயா," என்றான் வில்ஃப். பின்வரிசையில் சிரித்தார்கள்.

அவன் காத்திருக்கவில்லை. பாதிரியார் வெளியூர் போன ஒரு மதியம் உளியும் சுத்தியலும் தேனீயை விரட்டப் புகைமூட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றாள் தெர்சா. அப்படியே விடு, அவங்க வந்து பார்க்கட்டும் என்றாள். அவன் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தான். பழைய சுண்ணாம்புக் காரை கேக் மாதிரி உதிர்ந்தது. முதல் செங்கல் வந்தது, இரண்டாவது வந்தது. தேனீ ஒன்றும் வரவில்லை.

வாடைதான் வந்தது. தேன் வாடை இல்லை, அடைபட்ட இடத்தின் பூஞ்சை வாடையும் இல்லை. மழை நாளில் நெரிசலான பஸ்ஸில் ஏறினால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. நனைந்த கம்பளி, வியர்வை, கொழுப்பு மெழுகுவர்த்திப் புகை, வெங்காயம் தின்ற வாய்களின் மூச்சு. சூடாக வந்து அவள் கன்னத்தில் பட்டு, நடுக்கூடத்தின் குளிரில் கரைந்தது.

"வில்ஃப், மூடிடு."

"என்னத்த மூடுறது? காலிப் படிக்கட்டு. இங்க பாரு." டார்ச் வெளிச்சத்தில் தேய்ந்த கல் படிகள் வலப்பக்கமாகச் சுழன்று மேலே போவது தெரிந்தது. "மேல் வாசல்ல வந்து நின்னு உனக்குக் கை காட்டுறேன். ராஜா மாதிரி. நீ அங்க நடுவுல போய் நில்லு."

தலையைக் குனிந்து உள்ளே போனான். அவள் நடுக்கூடத்துக்குப் போய் அண்ணாந்து நின்றாள். மேற்கு ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. சுவருக்குள் அவன் நடை கேட்டது. வலது கால் திடமாக. இடது கால் இழுத்து. வலது. இழுப்பு. வலது. இழுப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகாது, மூன்று ஆள் உயரம்தானே.

மேல் வாசல் கறுப்பாக இருந்தது. டார்ச் வெளிச்சம் வரவில்லை.

"வில்ஃப்?"

"வந்துட்டிருக்கேன்! கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு."

குரல் சுவருக்குள்ளிருந்து நன்றாகவே கேட்டது. அவள் காத்திருந்தாள். நடை ஓயவில்லை.

"என்னய்யா பண்ற?"

"ஏறிட்டுத்தான் இருக்கேன். இன்னும் படி இருக்கு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "கோபுரத்துக்குள்ள போயிட்டேனோ?"

கோபுரம் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது.

"இறங்கி வா, வில்ஃப். போதும்."

நடை மட்டும். இப்போது அது மேல் வாசலின் மட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தது. வளைவின் உச்சிக்கும் மேலே, மரக் கூரை சுவரைத் தொடுகிற இடத்தில் கேட்டது. வலது. இழுப்பு. வலது. இழுப்பு.

அவள் ஓடினாள். செங்கல் குவியலில் இடறிக் குனிந்து உள்ளே நுழைந்து, இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான். மேல் வாசலில் நின்றாள். காலுக்கடியில் நடுக்கூடம், வரிசை வரிசையாக வெற்று இருக்கைகள். தலைக்கு மேல் கல் பாவிய கூரை, அவள் கை நீட்டினால் எட்டும். வேறு வழி இல்லை. திருப்பம் இல்லை. பொந்து இல்லை. படிக்கட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அந்தக் கல் கூரைக்கு மேலே அவன் நடந்தான்.

முஷ்டியால் கல்லைக் குத்தினாள். தோல் உரிந்தது.

"தெர்சா? கீழ தட்டுறது நீயா?"

"நான்தான்! இறங்கு! திரும்பி இறங்கு!"

"முடியாதும்மா." குரலில் கேலி இல்லை. "பின்னால ஆள் வருது."

"யாரு?"

"தெரியல. டார்ச் அணைஞ்சிடுச்சு. நிறையப் பேரு. மூச்சு கழுத்துல படுது."

அன்று மாலை பட்டணத்திலிருந்து தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். இரண்டே சுற்றில் முடிந்துபோகும் படிக்கட்டை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மேலே கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்பும் கெட்டியாக இறுகிக் கிடந்தன, ஓர் எலி நுழைய இடமில்லை. ஒருவன் அவளிடம், "இதுக்குள்ள ஒருத்தர் எப்படிம்மா போயிருக்க முடியும்?" என்று கேட்டான். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தலைக்கு மேலே வில்ஃப் இருமினான். அவனுக்குக் கேட்கவில்லை. போலீஸ்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஏதாவது சண்டையா, உங்க வீட்டுக்காரருக்கு வேற யாராவது சிநேகம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். கடைக்குப் போனால் ரொட்டி வாங்க நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பெல்லமி பாதிரியாரைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குள் கூட்டிப்போனாள். இருவரும் நெருக்கி நின்றார்கள். மேலே வலது, இழுப்பு. அவர் முகம் சுண்ணாம்பானது. அவர் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. கேட்கிறது அவருக்கு. நிச்சயமாகக் கேட்கிறது.

"புறா," என்றார். "கூரையில புறா நடக்குது, திருமதி லட்கின்."

"ஐயா, உங்களுக்குக் கேட்டுச்சு."

"நான் ஒண்ணும் கேக்கல." அவர் இறங்கிவிட்டார்.

விடாமல் பின்னாலேயே போனாள். உடைமாற்றும் அறைக் கதவில் சாய்ந்து வழிமறித்தாள். அந்தப் பரண் எப்படிப் போனது என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"ராஜாவோட ஆளுங்க வந்தாங்க. சிலுவையை எரிச்சிடுவாங்கன்னு ஊர்ஜனம் சில பேர் பொண்டாட்டி பிள்ளைகளோட பரண்ல ஏறி நின்னுக்கிட்டாங்களாம். இறங்க மாட்டோம்னு. வந்த ஆளுங்களும் சரின்னு கீழ் வாசலை அடைச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பரண் இல்ல."

"அந்த ஜனங்க?"

"அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கல."

அதற்குப் பிறகு தினமும் அவள் வந்தாள். மேல் வாசலில், கடைசிப் படியில் கோட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால்கள் காற்றில் தொங்கும். அவனோடு பேசுவாள். முதல் நாட்களில் அவன் பசிக்கிறது என்றான். கால் வலிக்கிறது என்றான். சமையலறைக் குழாய் ஒழுகுதே, ஆள் கூப்பிட்டியா என்று கேட்டான். கூப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். பிறகு பசிப்பதைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டான். அவன் குரல் ஒவ்வொரு நாளும் இன்னும் உயரத்திலிருந்து வந்தது. கூரைக்கு மேலே. கூரைக்கு மேலே வானம்தான் இருக்கிறது என்பதை அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

"முன்னால ஒரு பொம்பள போறா," என்றான் ஒரு நாள். "இடுப்புல குழந்தை. அது என்னையே பாத்துட்டு வருது. அழவே மாட்டேங்குது."

"அவங்க உன்கிட்ட பேசுறாங்களா?"

"பேசுறாங்க. பாதிதான் புரியுது. பழைய பேச்சு. பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க."

"எதைப் பிடிக்கணும்?"

"தெரியலம்மா."

அனுமதி வந்துவிட்டது. திறப்பதற்கு அல்ல, மூடுவதற்கு. ஆபத்தான படிக்கட்டு, ஆராதனைக்கு வருகிறவர்கள் யாராவது உள்ளே போய் விழுந்து வைப்பார்கள் என்றார் பாதிரியார். அவள் கெஞ்சினாள். தேவாலயக் குழு முன்னால் நின்று கத்தினாள். ஒருத்தி எழுந்து வந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எல்லோரும் அவளை அவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள்.

கொத்தனார்கள் வந்த அன்று அவள் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். கீழே கலவை கலக்கும் சத்தம் கேட்டது.

"தெர்சா!" மூச்சிரைத்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் குரலில் சந்தோஷம். "வெளிச்சம் தெரியுது! மெழுகுவத்தி வெளிச்சம். வாசல் வந்துடுச்சு."

அவள் அண்ணாந்து கத்தினாள்.

"வில்ஃப், நில்லு. அங்க தரை இல்ல. கேக்குதா? வாசலுக்கு வெளிய ஒண்ணுமில்ல!"

"பலகை தெரியுதே. எல்லாரும் போறாங்களே."

"போகாத! அங்கேயே நில்லு!"

"பின்னால தள்ளுறாங்கம்மா."

இரண்டு கைகள் அவள் தோளைப் பற்றின. கொத்தனார்களில் மூத்தவர். வாங்கம்மா, எழுந்திரிங்க, குளிருது என்று சொல்லிச் சொல்லி, குழந்தையை இறக்குவதுபோல அவளை ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். கீழ் வாசலில் செங்கல் ஏறியது. காரை பூசினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தடுக்கவில்லை. கருவிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போனார்கள். பெரிய கதவு சாத்திக்கொண்டது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சுவருக்குள் நடை கேட்டது. உயரத்திலிருந்து இல்லை இப்போது. அருகில். வலது. இழுப்பு. வலது. இழுப்பு.

நின்றது.

அவள் எழுந்தாள். வளைவுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்தாள்.

மேல் வாசலின் இருட்டில் ஏதோ அசைந்தது. குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி குனிந்து வெளியே வந்தாள். காலை எடுத்துக் காற்றில் வைத்தாள். விழவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் வில்ஃப்.

தெர்சா ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக. கிழவர்கள், பெண்கள், அம்மாவின் பாவாடையைப் பிடித்த பிள்ளைகள். சத்தமே இல்லை. பழைய பரண் இருந்த மட்டத்தில், வளைவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெருக்கி நின்றார்கள். கீழேயிருந்து அவளுக்கு அவர்களுடைய உள்ளங்கால்கள் தெரிந்தன. பலகையில் அழுந்தியதுபோலத் தட்டையாக, வெளுத்து. அவற்றின் நடுவில் வில்ஃபின் பூட்ஸ். பலகை இல்லை. ஒன்றும் இல்லை.

அவன் குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஏறி முடித்தவனின் சிரிப்பு.

அப்போது அந்தச் சத்தம் தொடங்கியது.

வளைவின் இடக்கோடியில். கர்ர்... கர்ர்... பச்சை மரத்தில் ரம்பத்தின் பல் கடிக்கும் சத்தம். அங்கே ஆளில்லை. மரமில்லை. கர்ர். வலக்கோடியிலும் தொடங்கியது. இரண்டு பக்கமும். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

மேலே நின்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். கையை, சட்டையை, கூந்தலை. வில்ஃப் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

அவளைப் பார்த்தான்.

"தெர்சா," என்றான். "இது ஆடுது."

அவள் இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். பாதி தூரம்கூட எட்டவில்லை. நிமிர்ந்த அவள் முகத்தில் மரத்தூள் விழுந்தது. புதிதாக அறுத்த ஓக் மரத்தின் வாசனை. கண்ணில் விழுந்தது, உதட்டில் விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை. கைகளை இறக்கவும் இல்லை.

ரம்பம் அறுத்துக்கொண்டேயிருந்தது.